விட்டு வைத்த மூலை

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு வெங்காய நாற்று நடத் தெரியாது. தையல்காரர் வீட்டுப் பெண். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த விரலுக்கு ஈர மண்ணில் நாற்று ஊன்ற வரவில்லை. முதல் நாள் அவள் நட்ட வரிசை, மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்த கோடு மாதிரி வளைந்து வளைந்து போயிற்று. பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை அதிகம் சுட்டது. மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால், வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. பக்கத்தில் ஈர மண்ணில் ஒரு கால் தடம், சுண்டுவிரல் தனியே ஒதுங்கிய தடம். அப்படிப்பட்ட கால் அந்த வீட்டில் கடைசிக் கொழுந்தனுக்குத்தான் உண்டு. அவனோ வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான், உலகத்தில் அதைவிடப் பெரிய வேலை இல்லாதவன் போல. அவனும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவனுக்கு வீட்டில் ஆமை என்று பேர். அண்ணன்கள் வைத்தது. நிலம் ஓடைப் பக்கம் சாய்ந்து இறங்கும் சின்னத் துண்டு. அதில் மூன்று ஆண்களும் அவளும் பாடுபட்டார்கள். மடை திருப்ப மூவருமே போவார்கள். அவள் புருஷனான மூத்தவன் வெட்டுவான், நடுவன் "இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா" என்பான், ஆமை நின்று தண்ணீர் போகிற அழகைப் பார்ப்பான். களை பிடுங்கப் போனாலும் கடைசியில்தான் கரையேறுவான். "இவன் இந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள அந்தக் கோடியில களை மறுபடி முளைச்சுடும்" என்று நடுவன் கேலி செய்வான். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நகரத்தில் மின்விசிறித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நாள் அவன், "அண்ணே, நான் போகட்டுமா?" என்றான். மூத்தவனுக்கு வந்ததே கோபம். "போடா! நீ போனா நிலம் தரிசாப் போகும். வெங்காயம் என்ன, தானா நடந்து வீட்டுக்கு வருமா?" ஆனாலும் அவன் போனான். அவள்தான் துணி மடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து படுக்கும் முன் கண்ணை மூடி, ஆண்டவனே அந்தப் பிள்ளையையும் காப்பாத்து, இந்த நிலத்தையும் காப்பாத்து என்று கும்பிட்டாள்.

ஆண்டவன் இரண்டையும் காப்பாற்றினார். அங்கேதான் அவளுக்குக் குழப்பம் பிடித்தது.

அந்த அறுவடையில், வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையில் வெங்காயம் வழக்கம் போலவே குவிந்தது. ஒரு கூடை குறையவில்லை. "மழை நல்லா பெஞ்சுது" என்றான் புருஷன். அடுத்த பருவம் மழை ஏமாற்றியது. அப்போதும் குறையவில்லை. இந்த முறை அவன் காரணம் சொல்லவில்லை. மடையைத் திருப்ப இப்போது ஒருவன்தான் போனான். தண்ணீரும் ஒழுங்காகத்தான் பாய்ந்தது.

கொள்முதலுக்கு வந்த வியாபாரி வெங்காயம் எல்லாம் அந்தத் தொழிற்சாலை நகரத்துக்குத்தான் போகிறது என்றார். "அங்க விதைக்கிறவன் ஒருத்தன்கூட இல்லம்மா, திங்கிறவன்தான் கூட்டம் கூட்டமா. நிலத்தை விட்டு ஆள் போகப் போக நாடு வளருதுன்னு ரேடியோவுலயே சொல்றான்."

"அப்ப எல்லாரும் போயிட்டா நாடு வானத்துக்கே வளருமா?" என்றான் நடுவன்.

"போ, போய்ப் பாரு. அப்புறம் ஃபேனைத்தான் நறுக்கிக் குழம்புல போடணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளால் முடியவில்லை. இங்கிருந்து போன பிள்ளை இங்கே விளைந்ததையே அங்கே காசு கொடுத்து வாங்கித் தின்கிறான். இங்கே ஒன்றும் குறையவில்லை, அங்கே புதிதாக ஒன்று உண்டாகிறது. வீட்டுக் கூரையில் ஓட்டை போய் அவன் சம்பளத்தில் தகடு ஏறியிருக்கிறது. நல்லதுதான். அப்படியானால் இத்தனை வருஷம் இந்த வெயிலில் அவன் பட்ட பாடு? அது என்ன நீர் மேல் எழுத்தா? இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கும்பிடும்போது கேட்டுப் பார்த்தாள்.

அடுத்த அறுவடைக்கு அவன் லீவில் வருவதாகச் சேதி வந்தது. உடனே புருஷன், "ஓடையோர மூலையில யாரும் களை எடுக்க வேண்டாம், தோண்டவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

"ஏங்க, வெங்காயத் தாள் எல்லாம் சாஞ்சு காஞ்சு கெடக்கு. ஒரு மழை வந்தா அழுகிப் போயிடுமே!"

"கெடக்கட்டும்." அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "வந்து பாக்கிறவன், நான் இல்லாம ஒண்ணும் கொறையலன்னு நெனச்சா அவன் மனசு என்னாகும்?"

ஆமை என்று பேர் வைத்த வாயா இது என்று அவள் அவனையே பார்த்தாள்.

கொழுந்தன் ஒரு மின்விசிறியோடு வந்து இறங்கினான். "இதுல மூணு திருகாணி முடுக்கிறதுதான் அண்ணி என் வேலை. நாள் முழுக்க அதேதான். இந்த ஃபேன் நான் முடுக்கினதான்னு மட்டும் தெரியல."

"மெதுவாச் சுத்தினா ஒன்னோடதுதான்" என்றான் நடுவன்.

விசிறி சுழன்ற வேகத்தில் பரணில் இருந்த தூசி எல்லாம் தலையில் கொட்டியது.

சாயங்காலம் அவன் நிலத்துக்குப் போனான். முழங்கால் உயரக் களைக்குள் வெங்காயம் கிடந்த மூலையைப் பார்த்து அப்படியே நின்றான். "ஆள் பத்தலடா" என்றான் மூத்தவன், தரையைப் பார்த்து.

இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த தம்பி, தட்டில் கை வைக்கும் முன்பே சொல்லிவிட்டான். "அண்ணே, நான் திரும்பிப் போகல."

மூத்தவன் கை தட்டிலேயே நின்றுபோயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். நடுவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். கல்யாணமே இவன் சம்பளத்தை நம்பித்தான். திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். போடா என்று சொன்னால் பொய் வெளுக்கும். இரு என்று சொன்னால் வீடு சரியும். மூத்தவன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

காலையில் அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடையோரம் போனாள். அவன் தனியாகத் தோண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க அண்ணி."

"ஆள் பத்தாம இந்த மூலை நிக்கல. ஒன் மனசு நோகக் கூடாதுன்னு ஒங்க அண்ணன் வேணும்னே விட்டு வச்சது. நீ போன பின்னாடி ஒண்ணும் கொறையல தம்பி. பொய் சொல்லி ஒன்ன இங்க கட்டிப் போட எனக்கு மனசு வரல."

அவன் கையிலிருந்த வெங்காயத்தின் மண்ணை விரலால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அப்ப இங்க இருந்தப்ப நான் என்னதான் பண்ணிட்டிருந்தேன் அண்ணி?"

"எனக்குப் படிப்பில்ல தம்பி, தெரியல. ஆனா என் வரிசைய நேராக்கினே."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். பிறகு வெட்கத்தோடு சிரித்தான். "கோணலா நட்டாலும் வெங்காயம் அதே அளவுதான் அண்ணி விளையும்."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

"நேரம் இருந்துச்சு."

அடுத்த வெங்காயத்தைத் தோண்டிக்கொண்டே அவன் பேசினான். "அங்க நேரமே இல்ல. நான் எழுந்த கட்டில்ல அடுத்த ஷிப்ட் ஆள் வந்து படுப்பான், கட்டில் சூடு ஆறுறதே இல்ல. நான் தண்ணி குடிக்கப் போனா மொத்த வரிசையும் நின்னுடும். மேஸ்திரி ஓடி வருவார். ஆனா அவருக்கு என் பேர் தெரியாது. இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும், நிலத்துக்குத்தான் நான் வேணாம். எங்க இருக்கிறது சரின்னு சொல்லுங்க அண்ணி."

"எனக்கும் புரியல தம்பி. ஆண்டவன் ஏதோ கணக்கு வச்சிருக்கார். நமக்கு எட்டல."

அவளும் இறங்கினாள். இருவருமாகத் தோண்டினார்கள். அவன் கை ஓடிய வேகத்தைக் கண்டு அவள் மலைத்துப் போனாள். "இவ்வளவு வேகமா? அப்ப இத்தனை நாள் ஏன் ஆமையா இருந்தே?"

"நான் ஓடினா நடு அண்ணனுக்கு வேலை மிஞ்சாது, அவர் சும்மா உக்காரணுமே."

உச்சி வெயிலுக்குள் மூலை சுத்தமாயிற்று. வீட்டுக்கு வந்து, "நான் போறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னான். ஏன் என்று மூத்தவன் கேட்கவில்லை. மறுநாள் பஸ் வந்ததும் மூத்தவனே பையைத் தூக்கி மேலே வைத்தான். வைத்த பையை இரண்டு தடவை நகர்த்தி நகர்த்திச் சரி செய்தான்.

அந்தக் கம்பெனி பிறகு அவனை வெகுதூரத்தில் திறந்த வேறொரு தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டது. பணம் வருகிறது, போனில் குரல் வருகிறது, அவன் வர முடியவில்லை. வியாபாரி சொல்லும் வளர்ச்சி இன்னும் அவளுக்கு விளங்கவில்லை. பஸ் படியில் நின்று அவன் குனிந்து அவள் காதருகே சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது:

"அண்ணி, அடுத்த தடவையும் அண்ணன் அந்த மூலைய விட்டு வச்சா வைக்கட்டும். எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க."