ஒரு கிலோ பாக்கி

பழைய ரயில் டிக்கெட் அளவில் ஒரு கெட்டி அட்டை. ஒரு பக்கம் யாரோ ஒரு நடிகையின் படம். முகம் பாதி உதிர்ந்துவிட்டது. மறுபக்கம் ஊதா மையில் 75 என்ற எண், அதற்குக் கீழே ‘எண்ணிய காரியம் விரைவில் முடியும்’ என்று ஒரு வரி. கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அப்போது எடை பார்க்கும் மெஷின் ஒன்று நிற்கும். மேலே ஏறி நின்று ஒரு ரூபாய் போட்டால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மினுங்கும், கண்ணாடிக்குப் பின்னால் சக்கரம் சுற்றி நிற்கும், டொக்கென்று அட்டை விழும். தொண்ணூறுகளில் ஒரு நாள் அப்படி விழுந்த அட்டை இது. அதற்குப் பிறகு வீடு இரண்டு முறை மாறிவிட்டோம். பர்சுகள் எத்தனையோ கிழிந்து போயின. இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று பல தடவை கையில் எடுத்திருக்கிறேன். மனசு வராது, திரும்ப உள்ளேயே வைத்துவிடுவேன்.

அது என் அத்தையின் எடை. அத்தை என்றால் என் கணவரின் அம்மா. எங்கள் பக்கம் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம். பவானியில் பிறந்த நான் இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி சூலூருக்கு வந்தபோது, மாமா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டை ஒட்டி எட்டுத் தறி ஓடும் கொட்டகை. அந்தச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அத்தைக்குக் குரல் பெரிதாகிவிட்டிருந்தது, ஆளும் பெரிய ஆள்தான். வந்த புதிதில் எனக்குப் பயம். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் குரலில் அவர் யாரையும் திட்டியதே இல்லை என்று. சாப்பாட்டில் மட்டும் அலாதிப் பிரியம். ஒப்புட்டு, அதுதான் போளி, சுடும் நாளில் கல்லுக்குப் பக்கத்திலேயே மணை போட்டு உட்கார்ந்துகொள்வார்.

நான் வந்த இரண்டாம் வருடம், தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் இருப்பதை என்னிடம் மட்டும் காட்டினார். படுத்தால் உள்ளே போய்விடும், இருமினால் வெளியே வந்து நிற்கும். கோயமுத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, குடல் இறங்கியிருக்கிறது, தைத்துத்தான் ஆகவேண்டும் என்றார். ஆனால் எண்பத்து நான்கு கிலோ எடை, போதாததற்குச் சர்க்கரை. “பத்துக் கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா, அப்புறம் கத்தி வைக்கலாம். அது வரைக்கும் வயிறு முட்டச் சாப்பிடவே கூடாது. அந்த வீக்கம் உள்ளே போகாம நின்னுட்டா உயிருக்கே ஆபத்து” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “இது உனக்கும் எனக்கும் என்ற பையனுக்கும் தெரிஞ்சாப் போதுங் கண்ணு. பொண்ணுக்கு மாப்பிள பாத்துட்டிருக்கறோம். ஆத்தாளுக்குச் சக்கரை, வயித்துல ஆபரேசன்னு தெரிஞ்சா ஒருத்தனும் படியேற மாட்டான்.” என் நாத்தனாருக்கு அப்போது மும்முரமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் அந்த மாதிரிக் காரணத்துக்காகப் போன வரன்கள் உண்டு. அதனால் அத்தையின் கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த அக்கா பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். நான் அவரைப் பெரியத்தை என்பேன்.

டாக்டர் வீட்டு மெஷினில் ஏற அத்தைக்குப் பிடிக்காது. நர்ஸ் எடையை ஊருக்கே கேட்கும்படி சொல்கிறாளாம். காந்திபுரம் மெஷின் வாயைத் திறக்காது, அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றுகொள்ளும். மாதம் ஒரு தடவை மருந்து வாங்கப் போகும்போது முதலில் அவர் ஏறுவார், பிறகு என்னையும் ஏறச் சொல்வார்.

வீட்டில் குறைப்பது கஷ்டமாக இல்லை. களியும் கீரையும் கொள்ளுமாகச் சமாளித்தோம். விருந்துதான் எமன். ஆடி முடிந்தால் கல்யாணம், காதுகுத்து, சீர். அப்புறம் தீவாளி நோம்பி, அதன் பின்னாலேயே மாரியம்மன் நோம்பி. பண்டிகை எதுவானாலும் எங்களுக்கு அது நோம்பிதான். நோம்பி என்றால் பந்திதான். எங்கள் பந்தியில் ‘போதுமுங்க’ என்ற சொல்லுக்கு மதிப்பே கிடையாது. சங்கோசத்தில் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைப்பார்கள். பாதியில் எழுந்துவிட்டால், என்ன மனஸ்தாபம் என்று விசாரிக்க நாலு பேர் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். கிளம்பும் முன் ஒரு கிண்ணம் வேகவைத்த கொள்ளைத் தின்று, இரண்டு டம்ளர் மோர் குடித்துவிடுவார். பந்தியில் சுவரோரமாகக் கடைசி இலையில் உட்காருவார், பக்கத்தில் நான். பரிமாறுகிறவர் முதுகைத் திருப்பியதும் அவர் இலையில் விழுந்த ஒப்புட்டும் வெல்லக் கச்சாயமும் கறியும் என் இலைக்கு வந்துவிடும். சாப்பாட்டை வீணாக்க அவர் விடமாட்டார், ஆகவே அவ்வளவையும் நான் தின்றேன். நாலு மாதத்தில் அவர் ஆறு கிலோ இறங்கினார், நான் நாலு கிலோ ஏறினேன். இரண்டு அட்டைகளையும் பஸ்ஸில் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு, “உன்ற ஆத்தா என்னைத்தான் கேப்பா, என்ற புள்ளைக்கு என்னத்தப் போட்டு இப்படி ஊத வெச்சீங்கன்னு” என்று தறிச்சத்தக் குரலில் சிரிப்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

அந்த வருடத் தீபாவளிக்குப் பெரியத்தை வீட்டில் விருந்து. பந்தியில் ஒரு பையன் வேகமாகக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தான். அத்தை போதும் போதும் என்கிறார், அவன் காதில் விழவில்லை. நான் பதறிப்போய் அத்தையின் இலை மேல் என் கையை விரித்துவிட்டேன். கொதிக்கிற குழம்பு புறங்கையில் விழுந்தது. சுட்டது பெரிதாகத் தெரியவில்லை. நிமிர்ந்தால் பெரியத்தை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் இலையைத் தான் மறைத்தால் அது சங்கோசம். மாமியார் இலையை மருமகள் மறைத்தால் அதற்கு எங்கள் ஊரில் வேறு அர்த்தம். பெரியத்தையின் கண் என் கையிலிருந்து தங்கையின் கழுத்தெலும்புக்கும், தொளதொளத்துத் தொங்கிய ரவிக்கைக்கும் போனது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

பேச்சு பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. தறிக்கு வரும் பெண்கள் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். மளிகைக் கடைக்காரர், “அத்தைக்கு ஒடம்பு எளைச்சுப் போச்சாட்ட இருக்குதுங்க?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பெற்றவளே பவானியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். “ஏங் கண்ணு, மாமியாளுக்கு நீ சோறே போடறதில்லையாமா? தலை காட்ட முடியலெ போ” என்று சமையலறையில் நின்று அழுதாள். அவளிடமும் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

அன்று அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அத்தையிடம் சண்டை போட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் சண்டை. “உங்க அக்காகிட்டயாவது சொல்லிப்போடுங்க அத்தை. என்னால இந்தப் பேரச் சுமக்க முடியாதுங்க.” “நிச்சயம் மட்டும் முடியட்டுங் கண்ணு, நானே சொல்றேன்” என்றார் அத்தை. நான் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். அதற்குப் பிறகு நாலைந்து நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபத்து நாலு வயசுத் திமிர் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். திமிர் மட்டுமில்லை, எனக்கு நல்ல பேர் வேண்டியிருந்தது.

அந்தக் கோபத்தோடுதான் அடுத்த தடவை காந்திபுரம் போனோம். அட்டை விழுந்தது. எழுபத்தைந்து. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். “ஒரு கிலோதான் பாக்கி அம்மணி” என்றார். நான் சிரிக்கவில்லை. டாக்டர், ஒரு கிலோவுக்காக நிற்க வேண்டாம், சர்க்கரையும் இறங்கிவிட்டது, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். நடுவில் ஒரு வியாழக்கிழமை இருந்தது. பல்லடத்தில் நோம்பி முடிந்து, பெரியத்தை வீட்டில் கிடாய் வெட்டி விருந்து.

போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அது இன்னொரு பேச்சாகும் என்று போனோம். பந்தி போட்டதும் நான் வழக்கம்போல அத்தைக்குப் பக்கத்தில் உட்காரப் போனேன். பெரியத்தை கறி நிரம்பிய போசியையும் கரண்டியையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “இன்னைக்கு நீ போடு சாமி, என்ற தங்கச்சிக்கு. நாங்க ஒருக்காக் கண்ணுல பாத்துக்கறோம்.” பந்தியில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், ஒருத்தர்கூடக் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ஒரு கரண்டி வைத்து நிறுத்தியிருக்கலாம். வயிற்றுக்கு ஆகாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தலைக்குள் ஒரே கொதிப்பு. பாருங்கள், எல்லாரும் நன்றாகப் பாருங்கள் என்று ஒரு வெறி. சோற்றைக் குவித்து, கறியை வைத்தேன். இன்னொரு கரண்டி வைத்தேன். குடல் வறுவல் வைத்தேன். அத்தை முதல் கரண்டிக்கே இலையை மறைக்கக் கையைக் கொண்டுவந்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “போடு கண்ணு” என்றார், எல்லாருக்கும் கேட்கிற குரலில். “என்ற மருமவ கையில வாங்கித் திங்கறதுக்கு எனக்கென்ன கொறை.” நான் இரண்டு ஒப்புட்டு வைத்து நெய்யை ஊற்றினேன். அவர் எதையும் ஒதுக்கவில்லை. இலையை வழித்துத் தின்றார். பெரியத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சூலூர் திரும்பும் பஸ்ஸிலேயே அத்தைக்கு வாந்தி. வீட்டில் படுக்கவைத்தபோது அந்த வீக்கம் உள்ளே போகவில்லை. தொட்டால் கல் மாதிரி இருந்தது. கார் பிடித்துக் கோயமுத்தூர் போய்ச் சேர்வதற்குள் அவர் உடம்பு நனைந்து சில்லிட்டிருந்தது. குடல் சிக்கிக்கொண்டது என்று அன்றே அறுத்தார்கள். சர்க்கரை எங்கேயோ ஏறிக் கிடந்தது. புண்ணில் சீழ் வைத்துவிட்டது. சாப்பாட்டைத்தான் காரணம் என்று சொல்ல முடியாது, என்றைக்கு வேண்டுமானாலும் சிக்கியிருக்கும் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னார். கணவர் அதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நல்ல மனுஷர், அதற்கு மேல் ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை.

நாலாம் நாள் அத்தைக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெரிய குரல் போய்விட்டிருந்தது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. “நீ போட்டே, நான் தின்னேன். இனி ஆரும் உன்னை ஒரு சொல்லுச் சொல்ல முடியாதல்லொ” என்றார். பிறகு, “சீக்கு விசயம் மட்டும் சொல்லிப்போடாத கண்ணு, பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்றார். மறுநாள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடம், விருந்து உடம்புக்கு ஆகாமல் வயிற்றோட்டம் கண்டது என்றுதான் சொன்னோம். பெரியத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “போறதுக்கு முன்னால மருமவ கையால வயிறாரத் தின்னுபோட்டுத்தான் போனா” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அடுத்த வருடமே நாத்தனாருக்குக் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தையே கேட்டதும் அதுவரைக்கும்தானே. ஆனால் அதற்குள் அந்த நல்ல பேர் என் மேல் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைப் பிய்த்துப் போட எனக்குத் தைரியம் இல்லை, ஆசையும் இல்லை.

போன தையில் பல்லடத்தில் ஒரு கல்யாணம். இப்போதெல்லாம் நாமே தட்டை ஏந்திக்கொண்டு வேண்டியதை எடுத்துக்கொள்கிறோம். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. இரண்டு இட்லியோடு உட்கார்ந்திருந்தேன், ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, இரண்டு கண்ணிலும் புரை. புதுப்பெண்ணை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து என்னைக் காட்டினார். “இவளாட்டம் இருக்கோணுஞ் சாமி. என்ற தங்கச்சிக்கு இவ சோறு போட்டத நான் கண்ணால பாத்தவ.” அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள்.

இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எனக்குள் என்னவோ கிளம்பியது. பர்சைத் திறந்து அட்டையை எடுத்துவிட்டேன். எழுபத்தைந்து. ஒரு கிலோ பாக்கி, விருந்தன்றைக்கு ஆபரேஷனுக்கு நாலு நாள் பாக்கி. பெரியத்தை என் விரல்களைத் தடவி அட்டையைத் தொட்டுப் பார்த்தார். “என்ன கண்ணு இது?” என்றார்.

“பழைய டிக்கெட்டுங்க அத்தை” என்று சொல்லி, உள்ளே வைத்து மூடினேன்.