காந்தம் ஒட்டாத லாரி

மாமா இறந்த பிறகு அவருடைய லாரியில் முதலில் குடியேறியது ஒரு மிளகுக் கொடி. பக்கத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடிதான். மரம் சலித்துவிட்டதோ என்னவோ, ஒரு மழைக்காலத்தில் கிளை பிரிந்து, லாரியின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது. அடுத்ததாக எங்கள் வீட்டுக் கோழி ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் முட்டையிட்டு அடைகாத்தது. பாசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மலைமேல் இருக்கும் எங்கள் மாரமங்கலத்தில் ஆடி மாதம் கொடியில் காயப்போட்ட துணியே பச்சை பிடித்துவிடும். வருஷக்கணக்கில் நின்ற இடத்திலேயே நின்ற லாரி எம்மாத்திரம்?

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா சொந்தமாக லாரி வைத்து, எஸ்டேட்டுகளில் காப்பி மூட்டை ஏற்றிச் சேலத்தில் கொண்டுபோய் இறக்குவார். மஞ்சள் காமாலை கண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஒரு தகரப் பெட்டியோடும் அந்த லாரியோடும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெட்டி உள்ளே வந்தது, லாரி வெளியே நின்றது.

மூக்கு வைத்த அந்தக் காலத்து லாரி. நீல நிறம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது அது சாம்பல் நிறம். கதவில் விரலால் கோடு போட்டால் விரல் நுனியில் நீல மாவு ஒட்டும். அதை நெற்றியில் பூசிக்கொண்டு நான் சாமி வந்து ஆடுவேன். எட்டு ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடைக்குமா?

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, லாரியை விற்றுவிடலாம் என்று பேச்சை எடுத்தார். வருகிற பணத்தைத் தங்கை பேரில் பேங்கில் போட்டுவிட்டால் அண்ணனாகத் தன் கடமை முடியும் என்பது அவர் எண்ணம். அத்தை சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"விக்க வேண்டாங்ண்ணா. நானே ஓட்டறேன்."

சும்மா சொன்ன வார்த்தை இல்லை. கிளீனர் வராத நாட்களில் மாமாவோடு லாரியில் போனவள் அவள். எஸ்டேட் ரோட்டில் ஸ்டீயரிங்கை அவளிடம் கொடுத்துவிட்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாராம். மூட்டை ஏற்றிய வண்டியை வளைவில் பின்னால் எடுக்க அவளுக்குத் தெரியும். லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள்.

ஆனால் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மிணி, இன்னும் எத்தன நாளைக்கு அவரு நெனப்புலயே இருப்ப?" என்றார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சித்தப்பா பெருமூச்சு விட்டார். அம்மா அத்தையின் தட்டில் ரசம் ஊற்றினாள். அன்றோடு லாரி அத்தையின் துக்கம் என்று முடிவாகிவிட்டது. அது கண்ணில் படாமல் போனால்தான் அவள் தேறுவாள் என்றும் முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டு ஆண்கள் கெட்டவர்கள் இல்லை. துக்கம் என்றால் அவர்களுக்கு நன்றாகப் புரியும். பக்கத்தில் வந்து உட்காருவார்கள், குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள், காப்பி போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். ஒரு பெண் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டால்தான் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் அத்தை கேட்டதையும் துக்கத்தின் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

லாரியை இருக்கிற கோலத்தில் விற்றால் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார் சித்தப்பா. அவர் சேலத்தில் ஒரு லாரிப் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. பேச்சைக் கேட்டால் பட்டறையே அவர் தலைமேல்தான் நடந்தது என்று தோன்றும். "மாப்பிள்ள மாதிரி ஆக்கிக் காட்டறேன்" என்று மார்தட்டினார். அத்தை அழுது தடுப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ, "தம்பி சொல்றதும் செரிதானுங்ண்ணா. விக்கறதுன்னு ஆயிப்போச்சு, நல்லாப் பண்ணியே விப்போம்" என்று எழுந்துவிட்டாள்.

எனக்கு மனசு விட்டுப்போனது. வீட்டில் அத்தையின் கட்சியில் இருந்தது நான் ஒருத்திதான். கட்சித் தலைவியே எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்டால் தொண்டன் என்ன செய்வான்?

வேலை தொடங்கியது. டிராக்டர் கட்டி லாரியைக் காப்பி காயவைக்கும் களத்துக்கு இழுத்து வந்தார்கள். ஏற்காட்டிலிருந்து மெக்கானிக் வந்து என்ஜினை இருமவைத்து, பிறகு ஓடவும் வைத்தார். மிளகுக் கொடியை அறுத்தெறியச் சித்தப்பா அரிவாளோடு வந்தபோது அத்தை அவரை நிறுத்திவிட்டு, ஒரு கணு முறியாமல் பிரித்தெடுத்து மரத்தில் சேர்த்துக் கட்டினாள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஆணித் தலைகளைச் சுற்றியிருந்த பாசியைச் சுரண்டுவது என் வேலை. அப்பா துருப்பிடித்த இடங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்.

எனக்கு மறக்காதது, பெயிண்டுக்கு உயிர் வந்த விதம். ரப்பிங் காம்பவுண்ட் என்று ஒரு பசை. பழந்துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் துணி நீலமாகும். துடைத்துவிட்டுப் பார்த்தால் சாம்பலுக்கு அடியிலிருந்து நல்ல மயில் கழுத்து நீலம் எழுந்து வந்திருக்கும். அந்த நிறம் அத்தனை காலமும் அங்கேயேதான் இருந்தது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அத்தை ஒரு நிமிஷம் துணியைக் கீழே வைத்துவிட்டு அதில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயிண்ட் முழுக்கப் போன இடங்களுக்குப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. வெயில் படாமல் நிறம் மாறாதிருந்த டேஷ்போர்டு மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதே நீலம் கலந்து வாங்கி வரச் சித்தப்பா சேலத்துக்கு இறங்கினார். அடிப்பதற்கு வெயில் வேண்டும். எங்கள் மலையில் வெயில் அவசரக்கார விருந்தாளி, உட்காரும் முன்பே கிளம்பிவிடும். மூடுபனி இறங்கினால் ஈரப் பெயிண்ட் வெளுத்துப்போகும் என்று எல்லாரும் தார்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

அதற்கு முன்னால் பட்டி வைக்கும் வேலை நடந்தது. தகரம் நசுங்கிய பள்ளத்தை நிரப்பிச் சமமாக்குகிற களிம்புக்குத்தான் பட்டி என்று பெயர். கெட்டித் தயிர் பதத்தில் குழைத்து, தகட்டால் இழுத்துவிட்டு, காய்ந்த பிறகு தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். சித்தப்பா லாரியின் மூக்கில் இருந்த இரண்டு மூன்று நசுங்கல்களுக்கு வைத்துவிட்டு முடிந்தது என்றார். அத்தை விடவில்லை. கதவை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு பள்ளம் இருக்குது பாரு தம்பி" என்பாள். நானும் தடவிப் பார்ப்பேன். என் கைக்கு ஒன்றும் தட்டுப்படாது. அந்தக் கதவில், இந்தக் கதவில், மூக்கின் இரண்டு பக்கமும், சக்கரத்துக்கு மேலே என்று அத்தையின் கைக்குப் பள்ளங்கள் அகப்பட்டுக்கொண்டே இருந்தன. "உன்ற கை பட்டாத்தான் கண்ணாடியாட்டம் வருது" என்று சொல்லும்போதெல்லாம் சித்தப்பா இன்னும் ஒரு கை பட்டியை அள்ளி இழுப்பார். வேலைக்காரனுக்குக் கூலியைவிடப் பாராட்டு பெரிது என்பதற்கு அவரே சாட்சி.

இத்தனை ஆசையாக விற்பதற்கா செய்கிறாள் என்று எனக்குத் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் தனியாக இருக்கும்போது பெரிய ஆணி ஒன்றை எடுத்துப்போய்க் காட்டினேன். "நான் இதுல நீளமாக் கீறி உட்டுடட்டுங்களா அத்த? அசிங்கமா இருந்தா ஆரும் வாங்கமாட்டாங்க."

அத்தை ஆணியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "கீறல் இருந்தா வாங்கமாட்டாங்கன்னு உனக்கு ஆரு கண்ணு சொன்னது? வண்டி நொம்பப் பளபளன்னு இருக்கோணும். போயி அந்தத் துணிய எடுத்தா சாமி" என்றாள். அவள் பிடி கொடுக்காத கோபத்தில் நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

லாரி முடிந்தபோது தெருவே வந்து பார்த்தது. சித்தப்பா செல்போனில் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டு போய்ச் சேலத்தில் காட்ட, லாரி வாங்கி விற்கிற ஒருவர் ஜீப் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். அம்மா கேசரி கிளறி வைத்திருந்தாள்.

வந்தவர் லாரியை ஒரு சுற்று சுற்றினார். முகம் மலரும் என்று பார்த்தால் சுருங்கியது. இன்னொரு சுற்றில் விரல் முட்டியால் அங்கங்கே தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போன்ற ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். பின்பக்கத் தகரத்தில் வைத்தார், பச்சக்கென்று ஒட்டியது. கதவில் வைத்தார், நழுவிக் கீழே விழுந்தது. அடுத்த கதவிலும் விழுந்தது. மூக்கிலும் விழுந்தது.

"தகரமா இருந்தா ஒட்டோணுமுங்க. இது பூராப் பட்டி. ஏனுங்க, வண்டி எங்காச்சும் உருண்டுருச்சுங்களா?"

அப்பா பதறிப்போனார். மலைச்சாமி சேர்வராயன் மேல் சத்தியம் செய்தார். அவர் சத்தியம் செய்யச் செய்ய வந்தவர் முகத்தில் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. பள்ளம் இல்லாத இடத்தில் யாராவது பட்டி வைப்பார்களா என்று அவர் கேட்டார். அக்கா சொல்லித்தான் வைத்தேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கலாம். பட்டறையையே நடத்தியவர் எப்படிச் சொல்வார்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் அத்தையிடம் திரும்பி, வண்டி யாருடையது என்று கேட்டார்.

"எங்கூட்டுக்காரருதுங்க" என்றாள் அத்தை. லாரியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அவரு போயிட்டாருங்க. அதுக்கப்பறம் இந்த வண்டிய ஆருமே தொடலீங்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் வந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு, லாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கேசரியைக்கூடத் தொடாமல் ஜீப்பில் ஏறினார். அப்பா, "ஆஸ்பத்திரியிலங்க! காமாலையிலங்க!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். ஜீப் வளைவு திரும்பிவிட்டது. ஒரு லாரி வியாபாரிக்குத் தெரிந்தது சேலம் முழுக்கத் தெரிந்த மாதிரிதான். இனி அந்த லாரியை வாங்கக் கீழேயிருந்து ஒருவரும் வரப்போவதில்லை. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

மாமாவோடு பழைய லாரி விலைக்குப் பார்க்க ஊர் ஊராகப் போனவள் அத்தை என்பதும், பழைய வண்டியில் புதுப் பெயிண்டைக் கண்டால் வியாபாரிகள் என்ன நினைப்பார்கள், எதை எடுத்துச் சோதிப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் அதைத் தெரிந்து வைத்திருந்தது அம்மா ஒருத்திதான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லாரி போகவில்லையே! அத்தையிடம் மறுபடி பேசிவிடலாம் என்று அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அம்மாவும் அத்தையும் அடுப்புப் பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் வாயிலும் முந்தானை. தோள்கள் குலுங்கின. விசும்பல் மாதிரி மூச்சு வெடித்து வெடித்து வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. இவர்கள் இப்படி அழும்போது நான் சந்தோஷப்பட்டேனே என்று எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுவில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அத்தை என்னைச் சேர்த்தணைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் முன்னைவிட மோசமாகக் குலுங்கினார்கள்.

சத்தம் கேட்டு அப்பா வாசற்படிவரை வந்தார். உள்ளே வரவில்லை. தங்கையின் அழுகையைத் தாங்குகிற மனசு அவருக்கு இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அழுவாத அம்மிணி. வண்டி எங்கயும் போவல. உன்ற வண்டி, நீயே வெச்சுக்க. ஓட்டோணும்னா ஓட்டு, ஆரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். என்னைக் கூப்பிட்டு லாரிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கொண்டுபோய் நீட்டினேன். அத்தை வாயிலிருந்த முந்தானையை எடுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. கையை மட்டும் நீட்டி வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க அத்த" என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது இன்னும் குலுங்கியது. பாவம், இவ்வளவு துக்கத்தை இத்தனை நாளும் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.