எழுதிக் கொடுத்த கேள்வி

ஒரு நாள் காலை மிச்சியோவின் மேசையில் காகிதம் சுற்றிய பயற்று இனிப்பு ஒன்று இருந்தது. வெளியூர் போய் வந்தவர்கள் ஆளுக்கொன்று வைப்பது அலுவலக வழக்கம்தான். ஆனால் இதை வைத்தவர் பிரிவுத் தலைவர் நுகுயி. அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அவருடைய இருமல் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டேதான் இருந்தது. எங்கும் போகாத மனுஷர் எதற்கு இனிப்பு வைக்கிறார்? மிச்சியோ அதைத் தொடவில்லை.

கன்பே மிச்சியோவின் சுபாவம் அப்படி. மினாசாகா நகராட்சிக் கலை மன்றத்தில் சுவரொட்டி வரைவதும் நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்வதும் அவள் வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கும் வேலை. புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்துவிட்டது. தனியாள், வாடகை வீடு. இந்த வருஷம் உண்டா இல்லையா என்று குளிர்காலம் தோறும் மேலதிகாரிகளின் முகத்தைப் படித்துப் பழகியவளுக்கு, யாராவது சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருஷம் சந்தேகத்துக்குப் பஞ்சமே இல்லை. வரும் ஏப்ரலில் மன்றத்தை நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. மாற்றத்துக்கு ஊழியர்களைத் தயார்ப்படுத்தக் கருத்தரங்குகள் நடத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவற்றைத் திட்டமிட்டவர்கள் யார் என்றால், மாற்றம் வந்தால் முதலில் வீட்டுக்குப் போகக்கூடிய ஓராண்டு ஆட்களேதான். மிச்சியோவும், அறிவிப்புகள் எழுதும் ஹத்தானோ சயோகோவும். தங்களுக்குத் தாங்களே குழி வெட்டி, அதற்குச் சுவரொட்டியும் ஒட்ட வேண்டிய நிலை.

"நிறுவனத்து ஆளே வந்து பேசுறார். பேசி முடிச்சதும் கேள்வி நேரம்," என்றார் நுகுயி. "வழக்கம்போல ஏற்பாடு பண்ணிடுங்க, கன்பே-சான்," என்று மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து முடித்தார்.

வழக்கம் இதுதான். நம் ஊரில் கேள்வி நேரம் என்றால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். பேச வந்தவர் தண்ணீர் குடிப்பார், மறுபடி குடிப்பார், கூட்டமே தரையைப் பார்க்கும். அந்த அவமானம் யாருக்கும் வேண்டாமென்று, கேள்விகளை முன்பே எழுதி நம்பகமான சிலரிடம் கொடுத்துவிடுவார்கள். எழுதுவதில் மிச்சியோ கெட்டிக்காரி. "தெரியாமத்தான் கேக்குறேன்" என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு தடுமாற்றமும் வைத்து, அப்போதுதான் மனசில் தோன்றியதுபோலவே அமைப்பாள்.

இந்த முறையும் எழுதினாள். சிற்றுண்டிக் கடை இருக்குமா, விளக்குகளை மாற்றுவார்களா, ஒத்திகை அறைக்கு முன்பதிவு எப்படி.

ஹத்தானோ வாசித்துப் பார்த்துவிட்டு, "நம்ம வேலை இருக்குமான்னு ஒரு கேள்விகூட இல்லையே," என்றாள்.

"அதெல்லாம் அந்தக் கூட்டத்துல கேக்குற விஷயமா?"

"வேற எங்க கேக்குறது? உங்களுக்கும் அதானே கவலை?"

மிச்சியோ உஷாரானாள். என் வாயைக் கிளறி வரச் சொல்லி இவளை யார் அனுப்பியது? "எனக்கென்ன கவலை? குடுக்குற வேலையைச் செய்றேன்," என்று பேச்சை முடித்துக்கொண்டாள். அன்று மாலையே, பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஹத்தானோவும் நுகுயியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டாள். மிச்சியோவைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாளன்று நிறுவனத்து ஆள் வளவளவென்று பேசினார். சிற்றுண்டிக் கடைக் கேள்வி வந்தது, விளக்குக் கேள்வி வந்தது, பதில்களும் ஒழுங்காக வந்தன. முடிக்கப் போகும் நேரத்தில் ஹத்தானோ எழுந்தாள்.

"தெரியாமத்தான் கேக்குறேன். ஓராண்டு ஒப்பந்தத்துல இருக்கிற நாங்க... ஏப்ரலுக்கு அப்புறமும் இங்க வேலை பார்ப்போமா?"

குரல் நடுங்கியது. மிச்சியோவுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. நடுக்கத்தை எவ்வளவு அழகாகக் கொண்டுவருகிறாள்! எழுதிக் கொடுத்தவர் நுகுயியாகத்தான் இருக்க வேண்டும். யார் யார் வாய் திறக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ள விரித்த வலை இது. இதில் போய் விழ நான் என்ன பச்சைக் குழந்தையா?

நிறுவனத்து ஆள் நுகுயியைப் பார்த்தார். நுகுயி இருமிவிட்டு, "இதே கவலை வேற யாருக்காவது இருக்கா? இருந்தா கை தூக்குங்க," என்றார்.

அவர்களைப் போலவே ஓராண்டு ஆட்களான விளக்குப் பிரிவுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆடை தைப்பவர்கள் மிச்சியோவைப் பார்த்தார்கள். இந்த மாதிரிக் காரியங்களில் கேள்வி யாருடையது என்று அவளுக்குத்தானே தெரியும். மிச்சியோ கைகளை மடியில் வைத்தபடி, வேண்டாமென்று மிக லேசாகத் தலையை அசைத்தாள். ஒரு கையும் எழவில்லை. ஹத்தானோ கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் முடிவு வந்தது. ஓராண்டு ஆட்கள் ஒருவரையும் நிறுவனம் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சியோ நேராக நுகுயியிடம் போனாள்.

"மன்றத்தை நிறுவனத்துக்கிட்ட குடுக்கிறதுக்கு முன்னாடி நகராட்சியில கேட்டாங்க, ஊழியர்களுக்கு வேலை பத்திக் கவலை உண்டான்னு," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "உண்டுன்னா, ஓராண்டு ஆட்களையும் வச்சுக்கணும்னு நிறுவனத்தோட போடுற ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்க்கிறதா இருந்தாங்க. ஒருத்தர்தான் கேட்டார், மத்தவங்க கை தூக்கலன்னு சொன்னேன். இல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

"அந்தக் கேள்வி நீங்க குடுத்தது இல்லையா?"

"நானா? எழுதிக் குடுங்கன்னு ஹத்தானோ-சான்தான் அன்னிக்கு இயந்திரத்துப் பக்கத்துல வந்து கெஞ்சினாங்க. என்னால முடியாதுன்னுட்டேன். என் நிலைமையும் உங்களுக்குத் தெரியுமே."

மிச்சியோவால் அதை நம்ப முடியவில்லை. பழியைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தபடியே கீழே இறங்கினாள். ஹத்தானோ மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"ஹத்தானோ-சான், உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தக் கேள்வி யார் குடுத்தது?"

ஹத்தானோ நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படுவாள் என்று மிச்சியோ எதிர்பார்த்தாள். அவளோ மெதுவாகப் பெட்டியை மூடினாள்.

"யாரும் குடுக்கல. நீங்களும் அப்படியா நினைச்சீங்க?"

"குரல் அவ்வளவு நடுங்குச்சே."

"பயமா இருந்துச்சு, கன்பே-சான். அதான் நடுங்குச்சு."

அந்தப் பதிலை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மிச்சியோ. சந்தேகப்பட அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.