தோணிப் பாயில் ஒரு கடல்

எழுபதுகளின் நடுவில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு தூத்துக்குடியில் நடந்தது இது. நான் அப்போது தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு கோயில் ஊரில், பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் எப்போதும் நான்தான் முதல் மார்க். ஓவியத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். நான் வரைந்த மாங்காயைப் பார்த்து யானையா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனாலும் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் வரும் ஓவிய வகுப்பு என்றால் எனக்கு உயிர். வாரம் முழுவதிலும் அந்த ஒரு வகுப்பில்தான் தப்புச் செய்தாலும் யாரும் திட்டமாட்டார்கள்.

அந்த வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. அடுத்த வருஷம் பதினொன்றாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளுக்குப் படம் எதற்கு, அந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை தீர்மானித்திருந்தார். ஓவிய டீச்சர் சத்தமாகப் பேசவே தெரியாதவர். அவரே தயங்கித் தயங்கிப் போய்க் கெஞ்சியதில் ஒரு சின்ன வழி பிறந்தது. தூத்துக்குடியில் பள்ளிகளுக்கான நாடகப் போட்டி நடக்க இருந்தது. எங்கள் பள்ளி முத்துக்குளிப்பவர்களைப் பற்றி ஒரு நாடகம் போட்டது. அதற்குப் பின்னால் கட்டும் படுதாவை ஓவிய வகுப்புப் பிள்ளைகள் வரையட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் தலைமையாசிரியை.

வீட்டுக்கு வீடு பழைய வேட்டி வாங்கி, சேர்த்துத் தைத்து, அதில் கடல் வரைய ஆரம்பித்தோம். எங்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே திருச்செந்தூரில் மொட்டை போட்ட அன்றைக்குத்தான். கடலை உள்ளபடி அறிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். பெரியதாழை என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். பெரியதாழைக்காரி என்றே கூப்பிடுவோம். கணக்கில் முட்டை வாங்குவதில் அவளை அடிக்க ஆளில்லை. கையில் சாக்பீஸ் கிடைத்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. அந்த வெள்ளிக்கிழமை வகுப்பும் போய்விட்டால் ஊருக்கே திரும்பிவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அவள் சொல்லச் சொல்ல அலைகள் வந்தன, தோணிகள் வந்தன. நீல வண்ணம்தான் போதவில்லை. யாரோ ஒரு புத்திசாலி, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றலாம் என்றாள். அந்தப் புத்திசாலி நான்தான். கடல் பளபளவென்று வந்தது.

போட்டி நாளன்று காலையில் படுதாவைச் சுருட்டி பஸ்ஸின் மேலே கட்டினோம். தை மாதத்தில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? புதுக்கோட்டையை நெருங்கும்போது கொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் சொல்வது தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை. டிரைவர் நிறுத்தவில்லை. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பார்த்தால், எங்கள் கடல் பஸ்ஸின் பக்கவாட்டில் நீலநீலமாக வழிந்து சக்கரம் வரைக்கும் வந்திருந்தது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனைக்கும் தூத்துக்குடியில் ஒரு சொட்டு மழை இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. ஓவிய டீச்சர் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுவிட்டார். தலைமையாசிரியை சாயங்காலம் வந்துவிடுவார். நாடகத்தை வெறுஞ்சுவருக்கு முன்னால்கூடப் போடலாம். எங்கள் வகுப்பு போய்விடுமே என்று நானும் அழுதேன்.

பெரியதாழைக்காரி மட்டும் அழவில்லை. "ஏளா, எல்லாரும் அழுதுக்கிட்டு நின்னா கடல் திரும்பி வந்துருமா? வாங்க டீச்சர், பழைய துறைமுகத்துல தோணிக்காரங்க இருப்பாங்க. ஒரு பாய் கேட்டுப் பாப்போம்" என்றாள். தோணியின் பாய்மரத்தில் காற்றுப் பிடிக்கக் கட்டுகிற பாயைச் சொன்னாள்.

கொழும்புக்குப் போகிற ஒரு தோணியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். நரைத்த மீசையும் கழுத்தில் சிலுவையுமாக நின்ற தண்டலிடம் போய், "அண்ணாச்சி" என்று ஆரம்பித்து, பஸ்ஸில் வழிந்த கடல் வரைக்கும் அவள் மூச்சு விடாமல் சொன்னாள். நாங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றோம். அவர் சிரித்த சிரிப்பில் சரக்கு ஏற்றியவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடல்ல போற பாய்ல கடலயே வரையப் போறியளா? ஒட்டுப்போட்ட சின்னப் பாய் ஒண்ணு கெடக்கு, எடுத்துக்கிடுங்க. நாளைக்கு மத்தியானம் பாய் ஏத்தி ஓடப்போறோம். காலையில இங்கன வந்துரணும், ஆமா."

முன்பின் தெரியாத பிள்ளைகள். ஊர் என்ன, பேர் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. சின்னப் பாய் என்று அவர் சொன்னதைத் தூக்க நாங்கள் அத்தனை பேரும் வேண்டியிருந்தது. போட்டி நடந்த பள்ளி மைதானத்தில் விரித்தோம். வண்ணம் கிடையாது. தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கினோம், வகுப்பறைகளில் சாக்பீஸ் பொறுக்கினோம், அவ்வளவுதான். பெரியதாழைக்காரி பாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கள் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிந்த ஒட்டுகள்தான் அவளுக்கு முதலில் கண்ணில் பட்டன. ஒரு ஒட்டு தோணியானது, ஒன்று தீவானது, மூலையில் கிடந்தது அவள் ஊருக்குப் பக்கத்து மணப்பாட்டு மேடும் அதன் உச்சியில் சிலுவைக் கோயிலுமானது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு புடவையை இழுத்துச் செருகி, அவளோடு மண்டியிட்டு வரைய ஆரம்பித்தார். முதல் மார்க் வாங்குகிற எனக்குக் கிடைத்த வேலை, கரி தடவிய கயிற்றின் ஒரு முனையைப் பிடிப்பது. கயிற்றைச் சுண்டியதும் பாய் முழுக்க ஒரே நேர்கோடாகத் தொடுவானம் விழுந்தது. அந்த ஓவியத்தில் என் பங்கு அந்தக் கோடுதான், இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு.

சாயங்காலம் எங்கள் முறை வந்தது. திறந்தவெளி மேடை. பாயை மேலே மூங்கிலில் கட்டி, கீழ் மூலைகளின் கயிற்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். முன்திரை விலகிய நேரம் பார்த்துக் கடற்காற்று வந்தது. பாய்க்குக் காற்றைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியுமா? புடைத்தது, தளர்ந்தது, மறுபடி புடைத்தது. கரியால் போட்ட அலைகள் எழுந்து எழுந்து விழுந்தன, தோணி ஏறி இறங்கியது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு விசில். "ஏலே, நம்ம தோணிப் பாய்லே!" என்று ஒரு குரல். அப்புறம் கைதட்டல் ஓயவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த என் உள்ளங்கை தோலுரிந்து எரிந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. முத்துக்குளிப்பவராக நடித்தவள் திரும்பிப் படுதாவைப் பார்த்தாள். அப்படியே வசனம் மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டாள். தலைமையாசிரியை மைதானத்தில் சிந்திய கரியைக் கூட்டச் சொன்னதோடு சரி. வகுப்பு போயிற்று என்றே நினைத்தோம்.

அன்றிரவு அந்தப் பள்ளியிலேயே படுத்தோம். மறுநாள் காலையில் பாயைத் திருப்பிக் கொடுக்கத் தலைமையாசிரியையும் கூடவே வந்தார். கரியும் சாக்பீஸுமாகக் கிடந்த பாயைப் பார்த்துச் சங்கடப்பட்டு, கழுவித் தந்துவிடுகிறோம் என்றார். "எதுக்கு டீச்சர்? கெடக்கட்டும். கொளும்புலயும் நாலு பேரு பாக்கட்டும்" என்ற தண்டல், விரித்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு பெரியதாழைக்காரி பக்கம் திரும்பி, "எல்லாம் சரிதான் ஏளா, தோணிக்குச் சுக்கான் எங்க? எப்படித் திருப்புவ?" என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கரித்துண்டுக்காகத் தேடினாள். அதை எடுத்து நீட்டியது யார் தெரியுமா? எங்கள் தலைமையாசிரியை. வழியில் விழுந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவள் சுக்கான் வரைந்து முடிக்கும் வரை, பாய் சுருண்டுகொள்ளாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

தோணி புறப்படும்வரை யாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. துறைமுகம் தாண்டியதும் எங்கள் பாயும் ஏறியது. நிஜக் கடலுக்கு மேலே எங்கள் கரிக் கடல் சின்னதாகிச் சின்னதாகிப் போயிற்று. தலைமையாசிரியை அதையே பார்த்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பீரியட் அங்கேயே இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

பெரியதாழைக்காரி ஊருக்குத் திரும்பவில்லை. பொதுத்தேர்வில் கணக்கை எட்டிப் பிடித்துப் பாஸ் செய்தாள். இப்போது மணப்பாட்டில் குடித்தனம். அங்கே அவள் கையால் பெயரும் படமும் எழுதாத படகு குறைவு என்று கேள்விப்பட்டேன். நான் கணக்கு டீச்சரானேன். எங்கள் பள்ளிக்கு டைம் டேபிள் போடுவதும் நான்தான். ஒவ்வொரு ஜூனிலும் யாராவது வந்து, ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்தால் என்ன, உங்களுக்கும் நல்லதுதானே என்பார்கள். முடியாது என்பேன். காரணம் கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவேன்: இத்தனை வருஷமாகக் கரும்பலகை கரும்பலகையாக எழுதியிருக்கிறேன், என் கணக்கு ஒன்றைக்கூட எந்தத் தண்டலும் அழிக்காமல் கொழும்பு வரைக்கும் கொண்டுபோனதில்லை.