ஏணியம்மாவும் நாத்தனாரும்

ஊர் ஊராகப் போய் மாநாடுகளையும் விழாக்களையும் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அண்ணனின் தொழில். வேன் வாங்கி, கேமரா வாங்கி, நாலு சங்கங்களிடம் நல்ல பேரும் வாங்கித் தொழிலில் நிமிர்ந்த நேரத்தில், மனிதர் நிமிரவே முடியாதபடி முதுகு பிடித்துக்கொண்டது. கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். அடுத்த வாரமோ பல் மருத்துவர்கள் மாநாடு.

அண்ணி கூடத்துக்கு வந்து நாத்தனாரைப் பார்த்தாள். புகுந்த வீடு ஒத்துவராமல் திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்தவள் அவள். இருவருக்கும் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. ஒருத்தி அடுப்படிக்குள் போனால் மற்றவள் வெளியே வந்துவிடுவாள்.

"படம் கழுவறது, பிரிண்ட் போடறது எல்லாம் நீதானே செய்யற. எடுக்கவும் தெரியும்தானே?"

"தெரியும் அண்ணி. ஆனா அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல நின்னு..."

"கூட்டத்த நான் பாத்துக்கறேன். வண்டியும் நானே ஓட்டறேன். கிளம்பு குட்டி."

அண்ணி அவளைக் குட்டி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் முறை. தலை நரைத்த பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற அண்ணி, மடக்கு ஏணியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டாள். அவள் குரல் எட்டூருக்குக் கேட்கும். "மூணாவது வரிசை மீசைக்காரரே, பக்கத்துல நிக்கறவரு உங்களக் கடிக்க மாட்டாரு, ஒட்டி நில்லுங்க!" என்பாள். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குட்டி கேமரா பொத்தானை அமுக்கிவிடுவாள். சீக்கிரத்திலேயே சங்கங்களில் அண்ணிக்கு ஏணியம்மா என்று பேராகிவிட்டது.

தங்கும் விடுதியின் குளியலறைதான் அவர்களுடைய இருட்டறை. கதவிடுக்கில் துண்டைத் திணித்து, சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, வாளிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து குட்டி படம் கழுவுவாள். காலையில் எடுத்த குழுப் படம் மாலைக்குள் அரங்க வாசலில் பலகையில் தொங்க வேண்டும். தலை முழுகினாலும் முடியை விட்டு மருந்து வாடை போகாது.

இரண்டாம் வருஷம் கால்நடை மருத்துவர்கள் மாநாடு வந்தது. சங்கத் தலைவர் கண்டிப்பானவர். கழுத்துப்பட்டியைத் தளர்த்தவே மாட்டார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர் விரட்டிய விரட்டில், குட்டி படச்சுருளை அரக்கப் பரக்க மாட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் சுருள் நகரும்போது கேமராவின் இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல வேண்டும். எப்போதும் அதில் ஒரு கண் வைத்திருப்பவள், அன்றைக்குப் பார்க்கவில்லை.

மதியம் குளியலறையில் சுருளைத் திருப்பிச் சுற்றக் குமிழைத் திருகினாள். பிடிமானமே இல்லாமல் லொடலொடவென்று ஓடியது.

"என்னடி, உள்ள சத்தத்தையே காணோம்?" என்று அண்ணி கதவைத் தட்டினாள்.

குட்டி கதவைத் திறந்தாள். "அண்ணி, ஃபிலிம் மாட்டவே இல்ல. ஒண்ணுகூட விழல. என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. நான் வீட்டோடயே இருந்துக்கறேன்."

அண்ணி வாளியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "முதல்ல மூஞ்சியக் கழுவு. கேமராவ எடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தேநீர் இடைவேளைக்கு எல்லாரும் எழும் நேரத்தில் அண்ணி விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தாள். குட்டி கதவோரம் நின்றாள்.

"காலையில எங்க கேமராவுல ஃபிலிம் சரியா மாட்டல. நாங்க எடுத்த குரூப் படம் விழல. தப்பு எங்களோடது. தயவு பண்ணி இன்னொரு தடவ வந்து நிக்கணும்."

நாங்க என்றாள். எங்களோடது என்றாள். அதற்குப் பிறகு அரங்கில் எழுந்த முணுமுணுப்பு குட்டியின் காதில் சரியாக விழவில்லை.

"அரை மணி நேரம் வெயில்ல நின்னோமேம்மா!" என்று யாரோ கத்தினார்.

"நின்னீங்க, இல்லேங்கல. உதைக்கிற மாட்டையே நிக்க வைக்கிறவங்க நீங்க. உங்களால இன்னும் ஒரு நிமிஷம் நிக்க முடியாதா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பாதிப் பேர் கோட்டைக் கழற்றியிருந்தார்கள்; சிலர் கையில் தேநீர்க் கோப்பை. தலைவரோ அறைக்குப் போய்க் கண்ணயர்ந்திருந்தவர், ஆள் வந்து எழுப்பியதும் ரப்பர் செருப்போடு இறங்கி வந்தார். காலையில் படம் எடுத்தபோது கண்ணைக் கூசவைத்த வாசல் படிக்கட்டில் இப்போது நல்ல நிழல். தலைவரின் செருப்பைப் பார்த்து ஒருவர் ஏதோ சொல்ல, அவரே குனிந்து பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். குட்டி அமுக்கினாள். குமிழ் சுழன்றது.

மறுநாள் காலை பலகையைச் சுற்றி ஒரே நெரிசல். "நம்ம தலைவருக்குப் பல் இருக்கறதே இப்பத்தான் தெரியுது" என்றார் ஒருவர். வாங்காதவர் இல்லை. தலைவரே ஒரு பிரதியைச் சட்டம் போடச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு அந்தச் சங்கம் வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

திரும்பும் வழியில் குட்டி மெல்லக் கேட்டாள். "நீங்க என்னத் திட்டவே இல்லையே அண்ணி?"

"நல்லாத் திட்டணும்னுதான் இருந்தேன். மேடையேறின பதட்டத்துல மறந்துபோச்சுடி."

இருவரும் சிரித்த சிரிப்பில் அண்ணி வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ அரங்குகள். அண்ணனுக்கு முதுகு சரியான பிறகும் அவரை யாரும் வேனுக்குக் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, ஃபோனில் தேதி குறித்து, வீட்டோடு சுகமாக இருந்தார். ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. குட்டி அதையும் கற்றுக்கொண்டாள். கழுவும் வேலை மிச்சம்தான். ஆனால் ஈரப் படங்களை வேனுக்குள் கொடி கட்டித் தொங்கவிட்டு, பிளாஸ்கைத் திறந்து, ஆளுக்கொரு தம்ளரோடு அவை காயும்வரை கதை பேசிய அந்த நேரமும் சேர்ந்து போய்விட்டது.

இப்போது குட்டியோடு போவது அண்ணன் மகள். கெட்டிக்காரி, தேதி தவறமாட்டாள், கை மைக்கில் பதவிசாகப் பேசுவாள். கூட்டமும் பதவிசாகப் புன்னகைக்கும். அமுக்கும் முன் குட்டி ஒரு நொடி காத்திருக்கிறாள், பழக்கதோஷம்.

அண்ணிக்கு மூட்டு வலி. ஒவ்வொரு பயணமும் முடிந்து குட்டி நேராக அவள் அறைக்குத்தான் போவாள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து பழைய படங்களைப் புரட்டுவார்கள். போன வாரம் பெரிய வழக்கு, மலைப்பாதையில் வண்டி மக்கர் பண்ணியது எங்கே போகும்போது என்று.

"கணக்கருங்க கூட்டத்துக்குப் போறப்பதான்" என்றாள் குட்டி.

"உனக்கு என்னடி தெரியும், நீ தூங்கிட்டிருந்த. ஆசிரியருங்க மாநாடு. தள்ளினது நான்!"

"தள்ளினது நான் அண்ணி. நீங்க ஸ்டியரிங் புடிச்சிருந்தீங்க."

"அப்ப யாரு தூங்கினா?" என்றாள் அண்ணி.

தேநீரோடு உள்ளே வந்த அண்ணன், ரெண்டு பேரும் சேர்ந்து தூங்கிவிடாமல் வீடு வந்து சேர்ந்ததே போதும் என்று சொல்லித் தம்ளர்களை நீட்டினார்.