எட்டுக்கு எட்டு

சொர்ணம் அக்கா சட்டையை முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. மேசையில் விரித்து, இடது கையைத் துணிக்குள் நுழைத்து, வலது கையின் இரண்டு விரல்களைத் தையல் ஓரமாகவே நடத்திக்கொண்டு போவார். விரல் நிற்கும் இடத்தில்தான் குனிந்து பார்ப்பார். அங்கே தையல் விட்டிருக்கும். நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தைக் காட்டும்படி ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார். பெங்களூரு பீன்யாவில் எங்கள் கார்மென்ட்ஸில் பதினாறு வருடமாக அவர் செக்கர். டார்கெட் எத்தனை, ஆனது எத்தனை என்று லைன் போர்டில் மணிக்கு மணி எழுதுவது என் வேலை.

சென்ற வருடம் அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்தது. எட்டு கீமோ என்றார்கள். மூன்றாவதோடு, இனிப் போகமாட்டேன் என்று ஸ்ரீராம்புரம் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லைனிலிருந்து ஏழு பேர் போனோம். ஒற்றை அறை. நான் வாசற்படியிலேயே நின்றேன். சட்டைக்குக் கை தைக்கும் யசோதா அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒரு கை மட்டும் தெச்ச சட்டைய நீ பாஸ் பண்ணுவியாடி?"

"அது சட்டை."

"நீ என்ன, பட்டுப் பொடவையா?"

சொர்ணம் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. "வாயெல்லாம் புண்ணு யசோ. தண்ணி குடிச்சாலே எரியுது."

நாள் முழுக்க எங்களைக் கத்தி ஓட்டும் சூப்பர்வைசர் மஞ்சுநாத், கையோடு கொண்டுவந்திருந்த பழைய லைன் போர்டை டிவிக்கு மேலே மாட்டினார். பேனாவை என்னிடம் நீட்டினார். டார்கெட் 8, ஆனது 3 என்று எழுதினேன். மூன்று கோணலாக விழுந்தது.

"சொர்ணம்மா, எட்டு ஆகாம இந்த போர்டு கீழ எறங்காது. ஆய்தா, சரிதானே?"

"வூட்லயும் டார்கெட்டா சார்?" என்று முனகினாலும், நாலாவது கீமோவுக்குச் சொர்ணம் அக்கா கிளம்பிவிட்டார்.

லைனில் ஒருவர் கையில் வேலை தேங்கினால் அடுத்தவர் இழுத்துக்கொள்வார்; யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படித்தான் இதுவும் நடந்தது. மெஷின் வரிசைப்படி, ஒவ்வொரு கீமோவுக்கும் ஒருவர் லீவு போட்டுக் கூடப் போனார். லைனில் காலர் தைக்கும் மமதா தன் முறை வராத நாளிலும் ராகிக் கஞ்சி கொடுத்தனுப்பினாள்.

ரத்த அணுக்கள் குறைந்து ஆறாவது கீமோ பத்து நாள் தள்ளிப்போனது. போர்டில் தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதப் போன என்னைச் சொர்ணம் அக்கா தடுத்தார்.

"அதுல எழுதாத தம்பி. காரணம் எழுதிப் பழகிட்டா அப்புறம் அதுவே வேலையாயிடும்."

கட்டத்தை வெறுமையாக விட்டேன். எட்டாவது முடிந்து வந்த மாலை, அவரே எழுந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி எட்டு போட்டார். ஒரு கோணலும் இல்லை. நாங்கள் தட்டிய தட்டலில் சந்தே எட்டிப் பார்த்தது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்ததும், ஜூனில் வேலைக்குத் திரும்பினார். செக்கர்கள் எல்லோரும் தலையில் கட்டும் அதே நீலத் துணி. முதல் மணியிலேயே யசோதா தைத்த பதினோரு சட்டைகள் அம்போடு திரும்பின.

"வந்த அன்னிக்கேவாடி?"

"நீ தூங்கிக்கினே தெச்சா நான் இன்னா பண்றது?"

யசோதா அக்கா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்: முதலில் காட்டிய கிளினிக்கில், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்று சொர்ணம் அக்காவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். போகும் முன், தன் விரல் நின்ற இடத்தைக் காட்டும்படி, ரவிக்கைக்குள் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டு.