காருக்காகப் பூ கேட்டோம்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு என் மாமனார் விட்டுப்போன பழைய மோரிஸ் கார் நின்றது. எண்பதுகளில் ஒரு வருடம், மழைக்கு முன் அதை விற்று ஒழுகும் கூரையை மாற்றிவிடலாம் என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரோ ஊரெல்லாம் விலை விசாரிப்பார், விற்க மாட்டார். விழுப்புரத்துப் பழைய இரும்புக் கடைக்காரர், "இன்னா சார், எடை போட்டுதான் எடுத்துக்குவேன்" என்றார். அன்று இவர் சாப்பிடவே இல்லை. புதுச்சேரிக்காரர் ஒருவர் நல்ல விலைக்கே கேட்டார். அவரையும், "யோசிச்சு சொல்றேங்க" என்று அனுப்பிவிட்டார்.

பொறுக்க முடியாமல், தெரு மாரியம்மனிடம் பூ கேட்போம் என்றேன். சிவப்பு வந்தால் விற்பது, வெள்ளை வந்தால் வைத்துக்கொள்வது. இவரே இரண்டு பொட்டலம் மடித்துச் சன்னதியில் வைத்தார். பூசாரி எடுத்துக் கொடுத்ததில் வெள்ளைப் பூ இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆற்றாமையில் மற்றப் பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை!

"அம்மன்கிட்டயேவாங்க?" என்றேன்.

"அவ வித்துடுன்னு சொல்லிட்டா அப்புறம் நான் இன்னாடி பண்ணுவேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமை விரதம் தவறாத மனிதர் அம்மனையே ஏமாற்றத் துணிந்திருந்தார். அந்த வண்டியின் விலை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு நான்தான் கற்பூரம் ஏற்றினேன். அந்த மழைக்கும் கூரை ஒழுகியது. விற்கச் சொல்லி நான் மறுபடி வாய் திறக்கவில்லை.